ஆடி அமாவாசைக்கு வண்டி வராது

எங்கள் வேன் முதன்முதலாக வாசலில் வந்து நின்றபோது நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், கையில் இருந்த கரண்டியோடு. பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மதுரையில் யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற பழைய வண்டிதான். ஆனால் பெயின்ட் புதுசு, சீட்டு உறை புதுசு, ஹாரன் அடித்தால் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்கும். நானே நாலு தரம் அடித்துப் பார்த்தேன்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்த உட்காருகிற வேலை மட்டும் வரவே வராது. வருஷக்கணக்காக யார் யாருக்கோ லாரி ஓட்டியவர். பாம்பனில் சாலைப் பாலம் திறந்து, ராமேஸ்வரத்துக்கு ரோட்டிலேயே போகலாம் என்று ஆனதும், "இனி நம்ம காலம்டி" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. வீட்டுக்கு டெலிபோன் வாங்கினோம். எங்கள் தெருவிலேயே முதல் டெலிபோன்! அது அடிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். யாரோ, எங்கேயோ இருக்கிற ஊரிலிருந்து, எங்களை நம்பிப் பேசுகிறார்கள்!

வண்டியை ஓட்டுவது அவர், ஓட வைப்பது நான். போனை எடுப்பது, எந்தப் பார்ட்டி எந்த ரயிலில் வந்து ராமநாதபுரத்தில் இறங்குகிறது என்று கேட்டு வைப்பது, வண்டியைக் கழுவுவது, வாந்தி எடுத்த பிள்ளைகளின் சீட்டைத் துடைப்பது எல்லாம் என் தலையில். காலையில் தேவிபட்டினம் நவபாஷாணம், அப்புறம் திருப்புல்லாணி, மதியத்துக்குள் ராமேஸ்வரம். இடம் இருந்தால் நானும் முன்னால் ஏறிக்கொள்வேன். பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லாத பார்ட்டியே கிடையாது. போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவருவார், இவர்கள் கடலைப் பார்த்து "ஆ!" என்று நிற்பார்கள், காற்று சேலையைப் பிடுங்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கும் அந்த "ஆ!" வரும். இன்றைக்கும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லாத் தொழிலுக்கும் ஒரு லீவு இருக்கிறது. ஆசாரி அமாவாசைக்கு உளியைத் தொட மாட்டார். சலூன் செவ்வாய்க்கிழமை பூட்டிக் கிடக்கும். தேவிபட்டினத்துப் பாய் கடை வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்குச் சாத்திவிடும். கடல் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை படகை எடுக்க மாட்டார்கள். வேன்காரனுக்கு என்ன லீவு? ஆசாரிக்கு ஓய்வான அந்த அமாவாசைதான் எங்களுக்குத் தலைபோகிற நாள். ஞாயிறு சுற்றுலா, வெள்ளி கோயில், முகூர்த்த நாளில் கல்யாணம். மிச்சம் இருக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்.

"ஒரு நாள் வீட்ல கிடங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"தை அமாவாசை முடியட்டும்" என்றார். அது முடிந்தது. "பங்குனி முகூர்த்தம் முடியட்டும்" என்றார். அதுவும் முடிந்தது. பள்ளிக்கூட லீவு முடியட்டும், ஆடி முடியட்டும், ஐயப்பன் சீசன் முடியட்டும். அவர் சொல்கிற 'முடியட்டும்' எல்லாம் முடிந்துகொண்டேதான் இருந்தன, ஓட்டம் மட்டும் முடியவில்லை. மனுஷர் நின்றுகொண்டே தூங்க ஆரம்பித்தார். ஒரு நாள் சோற்றில் மோரை ஊற்றுவதாக நினைத்துச் செம்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "மோர் ருசியா இருக்கு" என்றார். எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலில் கண்ணை மூடினால் அவருடைய வலது கால் தானாகப் பாயை மிதிக்கும். பிரேக்கை மிதிக்கிறார் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூட அவருக்கு எதிரே யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு முற்பகல், ஒரு பார்ட்டியை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உச்சிப்புளி தாண்டி ரோடு நேராகக் கிடக்கும், ஒரு வளைவு கிடையாது. நான் வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தேன். அவரும் "உம்", "உம்" என்றார். கொஞ்ச நேரத்தில் "உம்" நின்றுபோனது. திரும்பிப் பார்க்கிறேன், கண் மூடியிருக்கிறது. வண்டி சாவகாசமாக ரோட்டை விட்டு இறங்குகிறது. "ஏங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் விழித்துப் பிரேக்கை மிதித்தார். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். கருவேலம் புதருக்குள் போய் நின்றோம். ஜன்னல் வழியாக முள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் ஜன்னல் முள்ளை வெளியே தள்ளினார். அப்புறம், "டயர் இழுத்துருச்சு" என்றார். டயர் இழுத்ததாம் டயர்! எனக்கு வந்ததே கோபம்!

"டயரா? கண்ணு இழுத்துருச்சுன்னு சொல்லுங்க! பின்னாடி பத்துப் பன்னெண்டு பேரு பிள்ளை குட்டியோட உக்காந்திருந்தா என்னாகியிருக்கும்?" என்று கத்தினேன். "இதெல்லாம் ஒரு பொழப்பா? எனக்கு வண்டியும் வேணும், நீங்களும் வேணும். ரெண்டும் வேணும்!"

"ஆடி அமாவாசை முடியட்டும்" என்றார்.

அவரை அங்கேயே இறக்கிவிட்டு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். ஓட்டத் தெரியாததால் விட்டேன். அன்றிலிருந்து அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வரும் ஹாரன் சத்தம் கேட்கிற வரைக்கும் எதிலும் புத்தி நிற்காது. எப்படியாவது இவரைக் கொஞ்ச நாள் உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைப் பறிகொடுத்துவிடுவேன் என்று தெரிந்துபோனது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடியில் பொங்கல் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை முளைப்பாரி எடுத்துக் கண்மாயில் விட்டுக் காப்பை அவிழ்ப்பார்கள். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் யாரும் வெளியூரில் போய் ராத் தங்கக் கூடாது. அது ஊர் முழுக்க. அதற்கு மேலே கைக் காப்பு ஒன்று உண்டு. பால்குடம், முளைப்பாரி என்று நேர்ந்துகொண்டவர்களுக்குப் பூசாரி மஞ்சள் துண்டு வைத்த நூலை வலது கையில் கட்டுவார். அதைக் கட்டியவர் ஊர் எல்லையையே தாண்டக் கூடாது, பகலானாலும் சரி. பெண்ணாக இருந்தால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவும் கூடாது. ஆடி அமாவாசை அந்தச் சனிக்கிழமை, சரியாக நடுவில் வந்தது. அதற்கென்ன, பகலில் போய்ப் பொழுது சாய வந்துவிடலாம் என்று அவர் திட்டம் வைத்திருந்தார்.

காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டு வந்தவர், கண்மாயில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு நேராகக் கோயிலுக்கு வந்தார். கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. பால்குடக்காரர்கள் எல்லாரும் குளித்த ஈரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். இவர் போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்! தீர்த்தம் கொடுக்கிறார்கள் என்று நினைப்பு. நின்றபடியே தூங்குகிறார். பூசாரி அவருக்குச் சித்தப்பா முறை, பக்கத்தில் நிற்பவரையே உற்றுப் பார்த்துத்தான் யார் என்று சொல்லுவார். வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தார். இவர் பாதிக் கண்ணைத் திறந்து வலது கையைக் குழித்து நீட்டினார். நான் நாலடி தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுப்பேனா? வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். சித்தப்பா மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் குழித்த கையை வாய்க்குக் கொண்டுபோனார், உறிஞ்சினார். தீர்த்தம் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தார். அப்போது வந்தது பாருங்கள் முழிப்பு! மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு முழிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

"சித்தப்பு! எனக்கு எதுக்குக் கட்டுனீய? நான் பால்குடம் நேரலையே!"

"கட்டியாச்சுல்ல" என்றார் சித்தப்பா. "நேந்துக்க."

"சனிக்கிழமை ஆடி அமாவாசை சித்தப்பு! பார்ட்டி வருது! அவுத்து விடுங்க."

"அம்மனுக்குக் கட்டுனதை நான் அவுக்கவா? நல்லா இருக்குப்பா நீ பேசுறது. ஆத்தாவே உன்னைப் புடிச்சு உக்கார வச்சிருக்கா, உக்காரு."

ஊரே கூடிவிட்டது. இவர் ஒவ்வொருவராகப் பிடித்து நியாயம் கேட்டார். தெரியாமல் கட்டிய காப்புக்கும் எல்லை உண்டா? வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், காலைக் கீழே வைக்காமல் போய் வந்தால்? அதற்கு ஒருவர், "வண்டி எல்லையைத் தாண்டுனா நீ எங்கனப்பா இருப்ப, இங்கனயா?" என்று கேட்க, கோயில் வாசலில் ஒரே சிரிப்பு. நான் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் குலவை போட வேண்டும் போல இருந்தது. போட்டும்விட்டேன், அம்மனுக்குப் போடுவது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. "ஈரோட்டு வாத்தியாருக்கு யாரு பதில் சொல்றது? வருசா வருசம் நம்மள நம்பி வாரவரு! இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாரா?"

"நான் சொல்றேன்" என்று போனை எடுத்தேன். அந்த வாத்தியார் ரிட்டயர் ஆனவர், ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு வந்து அக்கினி தீர்த்தத்தில் திதி கொடுக்கிறவர். ஒரு நிமிஷம் முந்திப் பிந்தி வந்தால் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறவர். 'அவருக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது' என்று சொன்னால் என்ன நினைப்பார்? சொல்லிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சார், ஆடி அமாவாசைக்கு வண்டி வராது. அவருக்குக் காப்புக் கட்டியாச்சு" என்றேன்.

"காப்புங்களா?" என்றார் வாத்தியார். "அப்புறம் எப்படீங்க வருவாரு? எங்கூர்லயும் காப்புக் கட்டிட்டா எல்லையைத் தாண்ட மாட்டமுங்க. அவரு நிம்மதியா நோம்பியப் பாக்கட்டும். வேற நல்ல வண்டியா ஒண்ணு சொல்லி உடுங்க, போதும்."

அவ்வளவுதான்! எத்தனை வருஷமாக எந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்! களைப்பு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், உடம்பு சரியில்லை என்றால் இன்னொரு டிரைவரைப் போடு என்பார்கள். காப்பு என்றால் மறுபேச்சே இல்லை. போனை வைத்துவிட்டு நான் மறுபடியும் குதித்தேன்.

நல்ல வண்டிக்கு எங்கே போவது? உச்சிப்புளியில் ஒரு வேன்காரர் இருந்தார். அவர் பெயரை எடுத்தாலே என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. ரயிலடியில் பார்ட்டி பிடிப்பதில் இரண்டு பேருக்கும் பழைய பகை. நான் அவரையே கூப்பிட்டேன். இவர் முறைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் பேசி முடிப்பதற்குள் ரிசீவரைப் பிடுங்கினார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "ஏலே, கேளு. வாத்தியாருக்கு முழங்கால் மடக்க முடியாது, முன்சீட்டக் குடு. அந்த அம்மாவுக்குப் பாலத்துக் காத்து ஆகாது, கண்ணாடிய ஏத்தி விடு. தீர்த்தத்துக்கிட்ட வழுக்கும், நீ கூடப் போயிக் கையைப் புடிச்சு இறக்கணும், சரியா?" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "நீங்க நிம்மதியா இருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று கேட்டது. இவர் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

அப்புறம் படுத்தார். புதன்கிழமை முழுக்கத் தூங்கினார். வியாழக்கிழமை சோற்றுக்கு எழுந்தார், திரும்பப் படுத்தார். இவர் தூங்குவதைப் பார்க்கத் தெருவே வந்து போனது. "உசிரோடதான இருக்காரு?" என்று ஒருத்தி கேட்டாள். மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "குறட்டை கேக்கலையா உனக்கு?" என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து தாயம் ஆடினார். தோற்றார். கள்ள ஆட்டம் என்று சண்டை போட்டார். பழைய மனுஷர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அமாவாசை அன்று வேன் வேப்பமரத்தடியில் நின்றது. எல்லா வேனும் ஓடுகிற அன்று எங்கள் வேன் மட்டும் நிற்கிறது! வானம் இடிந்து விழவில்லை. வாத்தியார் மறுநாள் போன் செய்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். "தை அமாவாசைக்கு நம்ம வண்டிதானுங்க" என்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை முளைப்பாரியைக் கண்மாயில் விட்டுவிட்டு எல்லாரும் காப்பை அவிழ்க்கப் போனார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக நின்றார். "நாளைக்கு அவுத்துக்கிட்டா என்ன சித்தப்பு?" என்று கேட்டுத் திட்டு வாங்கினார்.

அந்த வார்த்தையை நாங்கள் விடவில்லை. மாதா மாதம் அமாவாசைக் கூட்டம் முடிந்த மறுநாள் ஸ்டியரிங்கில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிடுவேன். போன் வந்தால், "வண்டிக்குக் காப்புங்க, இன்னைக்கு எடுக்க மாட்டோம்" என்பேன். எந்தச் சாமிக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. உச்சிப்புளிக்காரரும் இதைக் கேட்டுவிட்டுத் தன் வண்டிக்கும் கட்டிக்கொண்டார். அவருக்குக் காப்பு என்றால் எங்கள் வண்டி போகும், எங்களுக்குக் காப்பு என்றால் அவர் வண்டி.

தொழில் இன்னும் பெருகியது. கேட்கவா வேண்டும்! பார்ட்டிக்குப் புளியோதரையும் தயிர்ச் சோறும் கட்டிக் கொடுக்கலாமே என்று எனக்கு யோசனை வந்தது. விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்தால் வண்டி கிளம்புவதற்குள் பொட்டலம் ரெடி. ஊர் ஊராக என் புளியோதரைக்குப் பெயர் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக்குக் காப்புக் கட்டிய அன்று அவர் நன்றாகத் தூங்குவார். வண்டி நின்றால்தானே ஆற அமரக் கழுவ முடியும்! சீட்டு உறைகளை உருவித் துவைத்துப் போடுவேன். புளிக்காய்ச்சல் கிண்டி வைப்பேன். நடுவில் போன் அடிக்கும், ஈரக் கையோடு ஓடுவேன். அவர் எழுந்து, "உக்காரு புள்ள" என்பார். "இந்தச் சட்டி இறங்கட்டும்" என்பேன்.

அடுத்த ஆடியும் வந்தது. காப்புக் கட்டுகிற சாயங்காலம், அதே கொட்டுச் சத்தம். முளைப்பாரி எடுக்கிற பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நான் ஓரமாகத் தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ முழங்கையைப் பிடிக்கவும் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தேன். என் வீட்டுக்காரர். எதிரே சித்தப்பா மஞ்சள் நூலோடு நிற்கிறார்.

"கையை நீட்டு ஆத்தா" என்றார் சித்தப்பா.

"எனக்கு எதுக்கு? நான் முளைப்பாரி நேரலையே!" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் நேந்திருக்கேன் உனக்கு" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். "போன வருசம் நான் கையை நீட்டுறப்ப நீ பாத்துக்கிட்டுதான நின்ன? எனக்குத் தெரியும். இப்ப நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். தூணைப் புடிச்சுக்கிட்டு ஆடி ஆடித் தூங்குற."

"யாரு தூங்குனா? கண்ணை மூடிச் சாமி கும்பிட்டேன்!"

"டயர் இழுத்துருச்சுன்னு சொல்லு" என்றார்.

கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. எட்டு நாள் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, புளியோதரைக்கு யார் தாளிப்பது? வருகிற பார்ட்டிக்கெல்லாம் என்ன பதில்? எனக்கென்ன வந்தது, நான் என்ன ரோட்டில் வண்டியா ஓட்டுகிறேன்? படபடவென்று கேட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்தபடியே நின்றார். பிடியை விட்டால் நான் விழுந்துவிடுவேன் என்பது போலப் பிடித்திருந்தார். பிடித்திருக்க வேண்டியும் இருந்தது.

"போன் அடிக்குமே" என்றேன் கடைசியாக. "யாரு எடுப்பா?"

"நான் எடுப்பேன். என்ன சொல்லணும்னும் எனக்குத் தெரியும். 'வண்டி வரும்ங்க. சோறு வராது. வீட்டம்மாவுக்குக் காப்புக் கட்டியாச்சு.'"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில், கொட்டுச் சத்தத்தில், சிரித்துக்கொண்டே அழுதேன். அவரைப் பற்றி, வண்டியைப் பற்றி, எத்தனையோ பேரிடம் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். என்னைத் தேடி வருகிறவரிடம் என்னைப் பற்றி அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சித்தப்பா நூலை வைத்துக்கொண்டு, "நேரமாகுது ஆத்தா" என்றார். நான் கையை நீட்டினேன்.